டீசல் புகையில் கரி எவ்வளவு? ஒளி சொல்லும் கணக்கு

நலவாழ்வுப் பக்கம்



நம் சங்கத்தின் சித்திரைத் திருநாள் விழாவை இந்த ஆண்டு பூங்காவில் திறந்த வெளியில் நடத்தினோம். ஒலிபெருக்கிக்கும், உணவைச் சூடாக வைப்பதற்கும் மின்சாரம் தேவைப்பட்டதால் டீசல் ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். மேடைக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. அங்கேயே நிறுத்துங்கள் என்று சொன்னவர்களும் நாங்கள்தான். கோலாட்டத்துக்குத் தயாராகிக் காத்திருந்த பிள்ளைகளும் அதே இடத்தில்தான் வரிசையில் நின்றார்கள் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

எஞ்சினைக் கிளப்பியதும் குப்பென்று கரும்புகை வந்தது. பிள்ளைகள் இருமிக்கொண்டே விலகி ஓடினார்கள். ஓரிரு நிமிடங்களில் புகை தெளிந்துவிட்டது போலத் தோன்றியதால், அவர்களை மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினோம். ஆஸ்துமா உள்ள ஒரு சிறுமிக்கு அரை மணி நேரத்தில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. தாயார் கைப்பையில் இன்ஹேலர் இருந்ததால் பெரிய ஆபத்து இல்லாமல் போயிற்று. ஆனால் இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த குழந்தை ஆடாமலே வீட்டுக்குப் போனாள்.

மறுவாரம் அந்தத் தாயார் எங்களில் ஒருவரிடம் கேட்ட கேள்வி இது: "அண்ணா, புகை கறுப்பா வந்தப்போ எல்லாரும் ஓடினோம். அப்புறம் ஒண்ணும் தெரியலைன்னு திரும்பி வந்துட்டோம். கண்ணுக்குத் தெரியலைன்னா புகை இல்லைன்னு அர்த்தமா? இதையெல்லாம் எப்படித்தான் அளக்கிறாங்க?"

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடுகிறவர்கள் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறார்கள். லிவர்மோர் நகரில் சாண்டியா தேசிய ஆய்வகத்தின் எரிதல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. டப்ளின், பிளசன்டன் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது பக்கத்து ஊர். டீசல் எஞ்சினுக்குள் கரி எப்படிப் பிறக்கிறது என்பதை ஒளியைக் கொண்டு படம் பிடித்து உலகுக்குக் காட்டிய இடங்களில் அது முக்கியமானது. இந்த இதழில் அந்த முறைகளைப் பற்றியும், அவற்றிலிருந்து நம் உடல்நலத்துக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை பற்றியும் பார்ப்போம்.

கரி எங்கிருந்து வருகிறது?

மின்சாரம் போனால் லாந்தர் ஏற்றிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். திரியை அளவாக வைத்தால் சுடர் மஞ்சளாக நின்று எரியும், கண்ணாடி சுத்தமாக இருக்கும். படிக்க வெளிச்சம் போதவில்லை என்று திரியைத் தூக்கிவிட்டால் சுடர் நீண்டு, நுனியில் புகை கிளம்பி, சிம்னி கறுத்துவிடும். அம்மா திட்டிக்கொண்டே சாம்பல் போட்டுத் துடைப்பார். எண்ணெய் கூடி, அதை எரிக்கும் காற்று போதாமல் போனால் மிச்சமாவது கரி. கரிக்குக் காரணம் அவ்வளவுதான்.

இன்னொரு செய்தியும் அந்தச் சுடரிலேயே இருக்கிறது. சுடர் மஞ்சளாக ஒளிர்வதற்குக் காரணமே அதற்குள் பிறந்து கனன்றுகொண்டிருக்கும் நுண்ணிய கரித்துகள்கள்தான். மைக்கேல் ஃபாரடே 1860-61இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக மெழுகுவத்தியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தியபோது இதைச் செய்தே காட்டினார். மஞ்சள் சுடருக்குள் கரி பிறக்கிறது. வெளிப்புறத்தில் போதிய காற்று கிடைத்தால் அங்கேயே எரிந்தும் போகிறது. எரியாமல் தப்பித்த கரிதான் சிம்னியில் படிகிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் டீசல் எஞ்சின் நமக்கு எளிதில் புரிந்துவிடும்.

டீசல் எஞ்சினுக்குள் நடப்பது

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக அமுக்குகிறார்கள். அமுக்கிய காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிவிடும். அந்தச் சூட்டுக்குள் இன்ஜெக்டர் வழியாக டீசலைப் பீய்ச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது.

இன்ஜெக்டரின் துளைகள் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. தலைமுடியைவிடச் சற்றே பெரியவை எனலாம். இக்கால எஞ்சின்களில் டீசலைத் தள்ளும் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் மடங்கு வரை போகிறது. பீய்ச்சுவது, ஆவியாவது, பற்றுவது, எரிவது எல்லாம் ஒரு சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். கண் ஒரு முறை இமைக்கும் நேரத்தில் இது பல முறை நடந்திருக்கும்.

இந்த அவசரத்தில் டீசலும் காற்றும் நன்றாகக் கலக்க நேரம் ஏது? தாரையின் நடுவில் எரிபொருள் மிகுந்தும் காற்று குறைந்தும் இருக்கும். திரியைத் தூக்கிவிட்ட லாந்தரின் நிலைதான் அங்கேயும். அந்த இடத்தில் கரி ஏராளமாகப் பிறக்கிறது. அதில் பெரும்பகுதி தாரையின் ஓரத்தில் காற்றைச் சந்தித்து எஞ்சினுக்குள்ளேயே எரிந்துவிடுகிறது. எரியாமல் எஞ்சியதே புகைக்குழாய் வழியாக வெளியே வருகிறது. ஆகவே வெளியே வரும் கரியை மட்டும் அளந்தால் கதையின் முடிவு மட்டுமே தெரியும். எங்கே பிறந்தது, எங்கே எரிந்தது, ஏன் தப்பித்தது என்பது தெரியாது.

கண்ணாடிச் சன்னல் வைத்த எஞ்சின்

உள்ளே ஒரு குழாயை விட்டு மாதிரி எடுத்தால் என்ன என்று தோன்றலாம். குழாயை விட்டதுமே தாரையின் ஓட்டம் கலைந்துவிடும். மேலும் மில்லி விநாடிக் கணக்கில் மாறுவதைக் குழாயால் தொடர முடியாது. தொடாமல் பார்க்க வேண்டுமானால் ஒளி ஒன்றுதான் வழி.

இதற்காகச் சில ஆய்வகங்களில் சன்னல் வைத்த எஞ்சின்களைக் கட்டியிருக்கிறார்கள். பிஸ்டனின் தலையில் தடித்த குவார்ட்ஸ் கண்ணாடியைப் பதித்து, அதற்குக் கீழே சாய்வாக ஒரு முகக்கண்ணாடியை வைத்துவிட்டால், எரியும்போதே உள்ளே நடப்பதைக் காமிராவால் பார்க்கலாம். இன்னொரு வழியும் உண்டு. எஞ்சினே இல்லாமல், எஞ்சினுக்குள் இருக்கும் அதே சூட்டையும் அழுத்தத்தையும் ஒரு கனத்த எஃகுக் கலத்தில் உண்டாக்கி, அதற்குள் ஒற்றைத் தாரையைப் பீய்ச்சிப் பக்கச் சன்னல்கள் வழியாகப் படம் எடுப்பார்கள்.

உலகில் பல ஆய்வகங்கள் ஒரே சோதனையைச் செய்து முடிவுகளை ஒப்பிடுவதற்காக, சாண்டியா முன்னின்று ஒரு கூட்டு வலையமைப்பை நடத்துகிறது. அதன் புகழ்பெற்ற சோதனைக்கு 'ஸ்ப்ரே ஏ' என்று பெயர். 0.09 மில்லிமீட்டர் துளை, 1500 பார் அழுத்தம், 900 கெல்வின் சூடு, டோடெகேன் என்ற ஒரே தூய எரிபொருள் என்று எல்லாவற்றையும் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். ஒரே அரிசி, ஒரே படி, ஒரே பானை என்று சொல்லி நாலு வீட்டில் பொங்கல் வைக்கச் சொல்வது போல. பிறகுதான் யாருடைய அளவு சரி என்று பேச முடியும்.

ஒளியால் அளக்கும் நான்கு வழிகள்

முதல் வழி, கரி தானாக விடும் ஒளியைப் படம் எடுப்பது. கனலும் கரி மஞ்சளாக ஒளிர்கிறது அல்லவா? வேகக் காமிராவை வைத்து அதை அப்படியே படம் பிடிக்கலாம். எளிதான, செலவு குறைந்த முறை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கரி அதிகமாக இருந்தாலும் ஒளி கூடும். சூடு கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் ஒளி பல மடங்கு கூடிவிடும். எனவே பிரகாசமாகத் தெரியும் இடத்தில்தான் கரி அதிகம் என்று சொல்லிவிட முடியாது. சூடு குறைந்த கரி காமிராவுக்குப் படாமலே போகலாம்.

இரண்டாம் வழி, இருநிற முறை. கொல்லர் இரும்பைக் காய்ச்சும்போது நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வெள்ளை. அதே அறிவுதான் இது. சுடரின் ஒளியை இரண்டு வெவ்வேறு நிறங்களில் ஒரே சமயத்தில் அளந்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்திலிருந்து கரியின் சூட்டைக் கணக்கிடுகிறார்கள். சூடு தெரிந்துவிட்டால், அந்தச் சூட்டில் இவ்வளவு ஒளி வர எவ்வளவு கரி இருந்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். 1930களிலேயே உலைச் சுடர்களுக்காக உருவான முறை இது. இன்றும் பயன்படுகிறது. குறை என்னவென்றால், தாரையின் முன்புறம், பின்புறம், நடு எல்லாவற்றின் ஒளியும் ஒன்றாகக் கலந்தே காமிராவுக்கு வருகிறது.

மூன்றாம் வழி, ஒளி மறைப்பு முறை. ஒரு பக்கத்திலிருந்து அளவு தெரிந்த ஒளியைச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்ப்பது. நடுவில் இருக்கும் கரி ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடும், ஒரு சிறு பகுதியைச் சிதறடிக்கும். கணக்கு எளிது. ஒரு அடுக்குக் கரி, நூறு பங்கு ஒளியில் எண்பதை விடுகிறது என்று வையுங்கள். அதே போல இரண்டாவது அடுக்கு இருந்தால் எண்பதில் எண்பது விழுக்காடு, அதாவது 64 பங்கு வெளியே வரும். மூன்றாவது அடுக்குக்குப் பின் ஏறத்தாழ 51. இந்த விதியைத் திருப்பிப் போட்டால், வந்து சேர்ந்த ஒளியிலிருந்து எத்தனை அடுக்குக் கரி வழியில் இருந்தது என்று தெரிந்துவிடும். பீர்-லாம்பர்ட் விதி என்று கல்லூரியில் படித்தவர்களுக்கு நினைவு வரலாம்.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. வெயில் காலத்தில் தார்ச்சாலைக்கு மேல் கானல் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்று ஒளியை வளைக்கிறது. எஞ்சினுக்குள் இந்த நெளிவு மிக அதிகம். ஊசி போன்ற லேசர்க் கதிர் அங்கே வளைந்து அளவுகருவியை விட்டு விலகிவிட்டால், கரி மறைத்ததாகத் தவறாகக் கணக்கு வந்துவிடும். இதைச் சமாளிக்க, பின்னாலிருந்து பரவலான ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். எல்.இ.டி. விளக்கின் ஒளியைப் பால் கண்ணாடி போன்ற தகட்டின் வழியாகப் பரப்பிவிட்டால், ஒரு கதிர் வளைந்து போனாலும் வேறொரு கதிர் அந்த இடத்துக்கு வந்துவிடும். விளக்கை மிக வேகமாக அணைத்து ஏற்றி, கரியின் சொந்த ஒளியைத் தனியே அளந்து கழித்துவிடுவார்கள். ஒரே பீய்ச்சலில் கரி பிறந்து வளர்ந்து எரிவதைத் திரைப்படம் போலத் தொடர்ந்து காண இது உதவுகிறது.

நான்காம் வழி, லேசரால் கரியைக் கனலச் செய்வது. சுடருக்குள் கரி ஏற்கெனவே 2000 கெல்வினுக்கு மேல் சூடாக இருக்கிறது. மெல்லிய தாள் போல விரித்த லேசர் ஒளியை, ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டும் அதன்மேல் பாய்ச்சினால், கரித்துகள் ஏறக்குறைய 4000 கெல்வினுக்குப் போய் வெண்மையாகப் பளிச்சிடும். சுற்றியுள்ள வாயு அவ்வாறு ஒளிராது. ஆகவே பளிச்சிட்ட இடமெல்லாம் கரி. பளிச்சின் அளவு, ஏறத்தாழ அங்குள்ள கரியின் கன அளவைக் காட்டும். லேசர்த் தாள் தாரையை நடுவில் கத்தியால் வெட்டியது போலக் காட்டுவதால், உள்ளே எந்த இடத்தில் கரி என்பதும் தெரியும். பளிச்சு எவ்வளவு சீக்கிரம் மங்குகிறது என்று பார்த்தால் துகளின் பருமனையும் ஊகிக்கலாம். சின்ன இட்லி சீக்கிரம் ஆறும், பெரிய இட்லி மெதுவாக ஆறும் என்பது போலத்தான். குறை, இந்த முறை தானாக எடையைச் சொல்லாது. ஒளி மறைப்பு முறையோடு ஒப்பிட்டு அளவைச் சரிசெய்ய வேண்டும். கரி மிகுந்த இடத்தில் லேசரும் பாதி வழியிலேயே மங்கிவிடும்.

ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்ப்பதே வழக்கம். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்டெதஸ்கோப் மூன்றையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவுக்கு வருவதைப் போன்றது இது.

படங்கள் கற்றுத்தந்தவை

முன்பு, கரி தாரையின் ஓரத்தில் மெல்லிய ஓடு போல மட்டுமே உண்டாகிறது என்று நினைத்திருந்தார்கள். சாண்டியாவில் ஜான் டெக் என்பவர் லேசர்ப் படங்களைத் தொகுத்து 1997இல் வெளியிட்ட விளக்கம் அந்த எண்ணத்தை மாற்றியது. திரவ டீசல் சிறிது தூரத்திலேயே முழுவதும் ஆவியாகிவிடுகிறது, அதன் பிறகு தாரையின் குறுக்குவெட்டு முழுவதும் கரி பரவியிருக்கிறது, ஓரத்தில் உள்ள சுடர் அதை எரிக்கிறது என்று அவர் காட்டினார்.

அடுத்து வந்த ஆய்வுகளில் இன்னொரு பாடம் கிடைத்தது. இன்ஜெக்டர்த் துளைக்கும் சுடர் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி நீளமாக இருந்தால், பற்றிக்கொள்வதற்கு முன்பே தாரை அதிகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். கரி குறையும். துளையைச் சிறிதாக்கி, அழுத்தத்தைக் கூட்டினால் கரி ஏன் குறைகிறது என்பதற்கு இப்படித் தெளிவான காரணம் தெரிந்தது.

அதே ஆய்வகத்தில் சார்லஸ் முல்லர் என்பவர், பள்ளி ஆய்வகத்தில் நாம் பார்த்த பன்சன் அடுப்பிலிருந்து ஒரு யோசனையை எடுத்துக்கொண்டார். இன்ஜெக்டர்த் துளைக்குச் சற்று முன்னால் சிறிய குழாய்த் துண்டு ஒன்றை வைத்து, தாரை அதற்குள் புகுந்து வரச் செய்தால் காற்று நன்றாகக் கலந்து கரி மிகவும் குறைகிறது என்று படங்களோடு காட்டியிருக்கிறார்.

அப்படியென்றால் எல்லா எஞ்சினையும் ஒரே நாளில் மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கரியை எரிக்கச் சூட்டைக் கூட்டினால் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் கூடுகின்றன, அவற்றைக் குறைக்கச் சூட்டைத் தணித்தால் கரி கூடுகிறது. இந்த இழுபறிதான் டீசலின் நிரந்தரத் தலைவலி. ஆகவேதான் இக்கால லாரிகளில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைக்கும் தனிக் கருவியும் வைக்கிறார்கள்.

அதே ஒளி, நம் சாலையில்

ஆய்வகத்தில் பயன்படும் ஒளி மறைப்பு முறையே சாலைக்கும் வந்திருக்கிறது. லாரியின் புகைக்குழாய் வாயில் ஒளியைச் செலுத்தி எவ்வளவு மறைகிறது என்று பார்ப்பதுதான் கலிபோர்னியாவில் நடக்கும் புகைச் சோதனை. முன்பு 40 விழுக்காடு ஒளி மறைந்தால்கூடத் தேர்ச்சி உண்டு. 2019 ஜூலை முதல், வடிகட்டி பொருத்திய லாரிகளுக்கு அந்த வரம்பை 5 விழுக்காடாகக் குறைத்துவிட்டார்கள். வடிகட்டி சரியாக வேலை செய்தால் புகை கண்ணுக்கே தெரியக் கூடாது என்பது இதன் பொருள்.

தெருக்காற்றில் உள்ள கரியை அளக்க இன்னொரு கருவி உண்டு. வெள்ளை வடிதாள் வழியாகக் காற்றை இழுத்து, தாள் எவ்வளவு வேகமாகக் கறுக்கிறது என்று ஒளியைக் கொண்டு பார்க்கும். ஏதலோமீட்டர் என்று பெயர். பெர்க்லியில் உருவான கருவி இது. இதைப் போன்ற கருவிகளை ஓக்லண்ட் துறைமுகச் சாலையின் மேம்பாலத்தில் வைத்து, கீழே போகும் ஒவ்வொரு லாரியின் புகையையும் தனித்தனியாக ஆராய்ந்தார்கள். 2009க்கும் 2013க்கும் நடுவில் வடிகட்டி உள்ள லாரிகளின் பங்கு 2 விழுக்காட்டிலிருந்து 99 விழுக்காடாக உயர்ந்தது. லாரிகள் விடும் கரி சராசரியாக 76 விழுக்காடு குறைந்தது. சட்டம் போட்டால் காற்று மாறுமா என்று கேட்பவர்களுக்கு இது நல்ல பதில்.

நம் ஊர்ச் சாலைகளில் ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ஓக்லண்ட் நகருக்குள் 580 நெடுஞ்சாலையில் கனரக லாரிகளுக்கு அனுமதி இல்லை. அதனால் லாரிகள் 880 வழியாகவே போகின்றன. அந்தச் சாலையை ஒட்டி வீடு பார்க்கும் குடும்பங்கள், வாடகை குறைவு என்பதோடு இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உடலுக்குள் என்ன செய்கிறது?

டீசல் கரியின் அடிப்படைத் துகள் 20 முதல் 30 நானோமீட்டர் பருமன் உள்ளது. இவை திராட்சைக் கொத்து போலச் சேர்ந்து 100 நானோமீட்டர் அளவில் வெளியே வருகின்றன. ஒரு தலைமுடியின் குறுக்கே இத்தகைய கொத்துகளை வரிசையாக வைத்தால் சுமார் எழுநூறு வைக்கலாம். இவ்வளவு சிறியவை மூக்கிலும் தொண்டையிலும் முழுவதும் சிக்குவதில்லை. நுரையீரலின் ஆழத்தில் உள்ள காற்றுப் பைகள் வரை போய்ப் படிகின்றன. போகும்போது தம்மேல் ஒட்டியிருக்கும் வேதிப்பொருட்களையும் எடுத்துச் செல்கின்றன.

புற்றுநோய்: உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988இல் டீசல் புகையை 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது' என்று வகைப்படுத்தியது. 2012 ஜூனில் அதை 'மனிதருக்குப் புற்றுநோய் தருவது' என்ற முதல் வகைக்கு மாற்றியது. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் பன்னிரண்டாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இதற்கு முக்கியமான ஆதாரங்களுள் ஒன்று. பல ஆண்டுகள் அதிக அளவில் சுவாசித்தவர்களைப் பற்றிய முடிவு இது. ஒரு நாள் ஜெனரேட்டர் அருகே நின்றதற்காக யாரும் பயந்துவிட வேண்டாம்.

குழந்தைகள்: தெற்குக் கலிபோர்னியாவில் 3,677 குழந்தைகளை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் வசித்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வசித்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. இதில் டீசல் மட்டுமல்ல, எல்லா வாகனப் புகையும் அடங்கும். ஆறுதலான செய்தியும் அதே ஆய்வுக் குழுவிடமிருந்து 2015இல் வந்தது. காற்று சுத்தமானதைத் தொடர்ந்து, நுரையீரல் திறன் மிகக் குறைந்த 15 வயதுப் பிள்ளைகளின் விகிதம் 7.9 விழுக்காட்டிலிருந்து 3.6 விழுக்காடாக இறங்கியிருந்தது.

இதயம்: இதய நோய் உள்ள 20 ஆண்களை, நீர்த்த டீசல் புகையைச் சுவாசித்தபடி உடற்பயிற்சி செய்யவைத்த ஆய்வும் 2007இல் வெளியானது. சுத்தமான காற்றில் செய்தபோது கண்டதைவிட, இதயத் தசைக்கு ரத்தம் போதாமையின் அடையாளங்கள் ஈ.சி.ஜி.யில் கூடுதலாகத் தெரிந்தன. தெற்காசியர்களாகிய நமக்கு மாரடைப்பு ஆபத்து பொதுவாகவே கூடுதல் என்பதால், நடைப்பயிற்சிக்குப் போகும் நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தாயாரின் கேள்விக்கு விடை

கண்ணுக்குத் தெரியாவிட்டால் புகை இல்லை என்று அர்த்தமா? இல்லை.

எஞ்சின் கிளம்பும்போதும், திடீரென்று பாரம் ஏறும்போதும் எரிபொருள் கூடிக் காற்று போதாமல் போகிறது. திரியைத் தூக்கிய கதை. அப்போது கரி அடர்த்தியாக வருவதால் ஒளியை மறைத்துக் கறுப்பாகத் தெரிகிறது. பிறகு சீராக ஓடும்போது கரி குறைகிறது, ஆனால் நின்றுவிடுவதில்லை. நம் கண்ணும் ஒரு ஒளி மறைப்புக் கருவிதான், ஆனால் மட்டமான கருவி. நூறில் இரண்டு மூன்று பங்கு ஒளி மறைவதைப் பின்னால் வெட்டவெளி இருக்கும்போது நம்மால் உணர முடியாது.

இன்னொன்றும் அன்று நடந்தது. எங்களில் ஒருவர் கைப்பேசியில் அருகிலுள்ள வீட்டுக் காற்றுக் கருவியின் அளவைப் பார்த்து, "பச்சைதான் காட்டுது, கவலையில்லை" என்றார். அது தவறான ஆறுதல். முதலில், அந்தக் கருவி இருந்தது பல தெருக்கள் தள்ளி. அதைவிட முக்கியமானது, வீடுகளில் வைக்கும் விலை குறைந்த கருவிகள் துகள் சிதறடிக்கும் ஒளியை எண்ணுபவை. 300 நானோமீட்டருக்குக் குறைந்த துகள்களை அவை பெரும்பாலும் தவறவிடுகின்றன. டீசலிலிருந்து புதிதாக வரும் கரி அதைவிடச் சிறியது. காட்டுத்தீப் புகை வரும் நாட்களில் இந்தக் கருவிகள் நல்ல உதவி. பக்கத்தில் நிற்கும் ஜெனரேட்டருக்கு அவற்றை நம்பக் கூடாது.

நாம் செய்யக் கூடியவை

1. திறந்தவெளி விழாவுக்கு இடம் பிடிக்கும்போதே அங்கு மின் இணைப்பு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் ஜெனரேட்டரே வேண்டாம். பேட்டரியால் இயங்கும் மின்கலப் பெட்டிகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன.

2. ஜெனரேட்டர் வைத்தே ஆக வேண்டுமானால், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, கூட்டத்தைத் தாண்டிக் காற்று போகும் பக்கத்தில், கேபிள் அனுமதிக்கும் வரை தூரமாக நிறுத்துங்கள். பிள்ளைகள் காத்திருக்கும் இடம், சமையல் இடம் இரண்டுக்கும் அருகில் கூடாது.

3. வீட்டில் மின்சாரம் போனால், எந்த எரிபொருள் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டாதீர்கள். சன்னல், கதவிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். இங்கே கரியைவிட உடனடி ஆபத்து, நிறமோ வாசனையோ இல்லாத கார்பன் மோனாக்ஸைடு. அது கண் முன்னே உயிரை எடுத்துவிடும்.

4. காரில் பழைய லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டால், சன்னலை ஏற்றி, காற்றை உள்ளேயே சுழலவிடும் பொத்தானை அழுத்துங்கள். லாரியைக் கடந்ததும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

5. நடைக்கும் ஓட்டத்துக்கும் பெரிய சாலையை விட்டு ஒன்றிரண்டு தெரு உள்ளே தள்ளிப் போங்கள். சாலையோரத்தில் அடர்ந்திருக்கும் கரி, சில நூறு அடி தள்ளியதும் வேகமாகக் குறைகிறது.

6. நெடுஞ்சாலையிலிருந்து 500 அடிக்குள் புதிய வீடுகள், பள்ளிகள் வேண்டாம் என்று கலிபோர்னியா காற்று வள வாரியம் 2005இல் பரிந்துரைத்தது. வீடு வாங்கும்போது பள்ளியின் மதிப்பெண்ணோடு இந்தத் தூரத்தையும் பாருங்கள். ஏற்கெனவே அருகில் இருப்பவர்கள், வீட்டுக் காற்றோட்டக் கருவியில் மெர்வ் 13 தர வடிகட்டி பொருத்த முடியுமா என்று விசாரியுங்கள். படுக்கையறைக்கு ஒரு ஹெபா வடிகட்டிக் கருவி நல்லது.

7. பள்ளி வாசலில் டீசல் பேருந்து எஞ்சினை ஓடவிட்டு நின்றால், பள்ளி அலுவலகத்தில் மரியாதையாகச் சொல்லுங்கள். பள்ளிகளின் அருகில் பேருந்துகள் அவ்வாறு நிற்பதைக் கட்டுப்படுத்தும் விதி கலிபோர்னியாவில் 2003 முதல் இருக்கிறது.

8. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் இன்ஹேலர் விழாவுக்கு வரும்போது கட்டாயம் கையில் இருக்கட்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்துமா திட்டத்தின் ஒரு நகலைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடமும் கொடுத்து வையுங்கள். இருமல், இழுப்பு அடிக்கடி வந்தால், ஊரிலிருந்து வந்த மருந்தைக் கொடுத்துச் சமாளிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இந்தப் பக்கத்தில் வருபவை பொது அறிவுக்காக எழுதப்படுபவை. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் மருத்துவரே தர முடியும்.

கடைசியாக ஒரு வார்த்தை. அடுத்த ஆண்டுச் சித்திரை விழாவுக்கு மின் இணைப்பு உள்ள இடத்தையே பதிவு செய்வதென்று செயற்குழுவில் முடிவு செய்திருக்கிறோம். அந்தக் குழந்தைக்குக் கோலாட்டத்தில் முதல் வரிசையில் இடம் உண்டு என்று அவள் தாயாரிடம் சொல்லிவிட்டோம். நம் அலட்சியத்துக்கு அதுவே முழுப் பரிகாரம் ஆகிவிடாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தாய் கேட்ட கேள்வியால் நாம் எல்லோரும் ஒரு பாடம் படித்தோம். இதுபோல உங்கள் மனத்தில் உள்ள கேள்விகளையும் எங்களுக்கு எழுதுங்கள்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
நலவாழ்வுப் பக்கக் குழுவினர்